வடிவம் தெரிகிறது, வேலை தெரியவில்லை

பனாமா கால்வாயில் போகும் கப்பல்கள் நடுவழியில் கடூன் என்ற நன்னீர் ஏரியைக் கடக்கின்றன. சாக்ரஸ் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டி, கால்வாய்க்காகவே தேக்கிய ஏரி அது. 2000-களின் தொடக்கத்தில் கிரெய்க் வென்டரின் ஆய்வுக்குழு ‘சோர்சரர் 2’ என்ற பாய்மரப் படகில் கடல் கடலாகச் சுற்றி வந்தபோது இந்த ஏரியிலும் தண்ணீர் எடுத்தது. தண்ணீரை வடிகட்டி, வடிதாளில் தங்கும் நுண்ணுயிர்கள் எல்லாவற்றின் டி.என்.ஏ.வையும் ஒருசேரப் பிரித்தெடுத்து, எழுத்தெழுத்தாகப் படித்துவைப்பதுதான் பயணத்தின் நோக்கம். எந்த வரிசை எந்த உயிரியுடையது என்பதுகூடப் பெரும்பாலும் தெரியாது. ஏரி மொத்தமும் ஒரே குவியலாகக் கணினிக்குள் போய்ச் சேர்ந்தது.

சில ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரேக்கரின் ஆய்வகத்தில் இருந்த ஸாஷா வைன்பெர்கும் சகாக்களும் இப்படிப்பட்ட குவியல்களைச் சலித்துப் பார்த்தார்கள். கடூன் ஏரியின் வரிசைகளில் வழக்கத்துக்கு மாறான ஆர்.என்.ஏ. ஒன்று அகப்பட்டது. நீளம் சுமார் 800 எழுத்து. புரதம் எதற்கும் அது குறிப்பு இல்லை. ஆனால் தன்மேல் தானே மடிந்து, கிளை பிரிந்து, மறுபடி கோத்துக்கொள்ளும் சிக்கலான கட்டமைப்பு அதற்கு இருந்தது. 2009-இல் ‘நேச்சர்’ இதழில் அதற்கு ‘கோல்ட்’ என்று பெயர் சூட்டினார்கள். மாபெரியது, அலங்காரமானது, ஏரியிலும் லாக்டோபாசில்லேல்ஸ் என்ற பாக்டீரியப் பிரிவிலும் கிடைத்தது என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்த பெயர். அதன் வேலையைப் பற்றிக் கிடைத்த துப்பு ஒன்றே ஒன்று. லாக்டோபாசில்லஸ் பிரெவிஸ் என்ற பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸ் விழித்தெழும்போது கோல்ட் ஆர்.என்.ஏ. பெருகுகிறது. அதற்கப்பால் பதினைந்து ஆண்டுகள் ஓடின. 2025-இல் அதன் முப்பரிமாண வடிவமே படம்பிடிக்கப்பட்டுவிட்டது. என்ன வேலை செய்கிறது என்பது மட்டும் பிடிபடவில்லை.

இது தனிப்பட்ட விதிவிலக்கு என்றால் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம். அப்படியில்லை. பிரேக்கர் குழு 2007-இல் 22 புதிய ஆர்.என்.ஏ. கட்டமைப்புகளை வெளியிட்டது. 2010-இல் 104. 2017-இல் வைன்பெர்கின் பட்டியலில் 224. ஆர்.என்.ஏ. குடும்பங்களைத் தொகுத்து வைத்திருக்கும் ‘ஆர்ஃபாம்’ தரவுத்தளத்தில் இன்று 4,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் உள்ளன. அவற்றுள் பாக்டீரியாவைச் சேர்ந்த பலவற்றுக்குச் சொந்தமாகப் பெயர்கூடக் கிடையாது. பக்கத்தில் எந்த மரபணு இருக்கிறதோ அதன் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டு பதிவேட்டில் உட்கார்ந்திருக்கின்றன.

வேலை தெரியாத ஒன்றை ‘முக்கியமானது’ என்று எப்படித் துணிந்து சொல்கிறார்கள் என்பதுதான் இங்கே முதலில் எழ வேண்டிய கேள்வி. ஆர்.என்.ஏ.வின் எழுத்துகள் நான்கு: ஏ, யூ, ஜி, சி. ஏ-யும் யூ-வும் இணை; ஜி-யும் சி-யும் இணை. இழையின் ஓரிடத்திலுள்ள ஜி, வெகுதூரத்திலுள்ள சி-யோடு கைகோத்தால் இழை மடியும். இப்போது இதே ஆர்.என்.ஏ. நூறு பாக்டீரிய இனங்களில் கிடைக்கிறது. ஓர் இனத்தில் அந்த ஜி பிறழ்ந்து ஏ ஆகியிருக்கிறது. இணை உடைந்திருக்க வேண்டும். ஆனால் எதிர்ப்புறம் பார்த்தால் சி-யும் யூ-வாக மாறியிருக்கிறது. எழுத்து இரண்டும் போயின. இணை மட்டும் தங்கிவிட்டது.

தமிழில் ஏடு பதிப்பித்தவர்களுக்கு இது புதிய தர்க்கம் அல்ல. ஒரு செய்யுள் பல பிரதிகளில் பாடபேதங்களோடு கிடைக்கிறது. ஒரு பிரதியில் முதலடியின் தொடக்கச் சொல் வேறாக இருக்கிறது. அதே பிரதியில் இரண்டாம் அடியின் தொடக்கச் சொல்லும் மாறி, எதுகை கெடாமல் நிற்கிறது. பிரதிக்குப் பிரதி இப்படியே நடந்திருந்தால், சொல் எதுவானாலும் எதுகையை விடக்கூடாது என்று யாரோ கவனமாக இருந்திருக்கிறார்கள் என்று பதிப்பாசிரியர் முடிவுகட்டுவார். ஆர்.என்.ஏ.வில் அந்தக் கவனம் இயற்கைத் தேர்வினுடையது. இணையைக் கெடுத்துக்கொண்ட பாக்டீரியாக்கள் போட்டியில் பின்தங்கி அழிந்தன, ஈடுகட்டிக்கொண்டவை பிழைத்தன. கோடிக்கணக்கான ஆண்டுகள் இந்தச் சல்லடை இயங்கியிருக்கிறது. ஆகவே வடிவம் உண்மை. அதனால் உயிரிக்கு ஏதோ ஆதாயம் இருக்கிறது. என்ன ஆதாயம் என்பதை இந்தக் கணக்கு சொல்லாது.

கணக்கும் கறாராக இருக்க வேண்டும். தற்செயலான ஒற்றுமைகளைக் கண்டு மயங்குவது எளிது. எலெனா ரிவாஸ், ஷான் எடி ஆகியோர் உருவாக்கிய புள்ளியியல் சோதனை 2017-இல் வெளியானபோது, மனித உயிரணுவின் ‘ஹாட்டேர்’ உள்ளிட்ட புகழ்பெற்ற சில நீள ஆர்.என்.ஏ.க்களுக்குச் சொல்லப்பட்டுவந்த கட்டமைப்புகளுக்கு இந்த வகைச் சான்று இல்லை என்று காட்டியது. வடிவம் இருக்கிறது என்று படம் போட்டுவிடுவது சுலபம். பரிணாமம் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறதா என்பது வேறு கேள்வி. பின்னால் பார்க்கப்போகும் ரைபோஸ்விட்ச் போன்ற பாக்டீரியக் கட்டமைப்புகள் இந்தச் சோதனையில் தெளிவாகத் தேறுகின்றன.

வேலை தெரியாமல் காத்திருப்பது இந்தத் துறையில் பழைய வழக்கம்தான். ஈ. கோலை பாக்டீரியாவில் ‘6எஸ்’ என்ற ஆர்.என்.ஏ.வை 1967-இல் ஜான் ஹிண்ட்லி கண்டார். 1971-இல் ஜார்ஜ் பிரவுன்லீ அதன் 184 எழுத்துகளையும் படித்து முடித்தார். ஆர்.என்.ஏ.வைப் படிப்பது கைவேலையாக இருந்த காலம் அது, சாதனை. ஆனால் அந்த 184 எழுத்தை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அந்த மரபணுவை நீக்கினாலும் பாக்டீரியா வழக்கம்போல வளர்ந்தது. 2000-ஆம் ஆண்டில்தான் கேரன் வாசர்மனும் கிசெலா ஸ்டோர்ஸும் விடை கண்டார்கள். உணவு தீர்ந்து வளர்ச்சி நிற்கும் கட்டத்தில் 6எஸ் குவிகிறது; மரபணுக்களைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதியைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. விரிந்து நிற்கும் டி.என்.ஏ. போன்ற தோற்றத்தைக் காட்டி நொதியை ஏமாற்றுகிறது.

இடையில் 33 ஆண்டுகள். தாமதத்துக்குக் காரணம் எளிது. ஆய்வகத்துப் பாக்டீரியாவுக்குச் சத்தான குழம்பும் 37 பாகை வெப்பமும் எந்நேரமும் கிடைக்கின்றன. பட்டினி கிடந்தால்தான் தெரியும் ஒரு வேலையை, விருந்தில் உட்கார வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். இந்த ஆர்.என்.ஏ.க்களின் கதையைப் படிக்கப் படிக்க ஒன்று உறுதிப்படுகிறது. புதிர் ஆர்.என்.ஏ.வில் இல்லை, பாக்டீரியாவின் அன்றாடத்தில் இருக்கிறது. அது எதைத் தின்கிறது, எதற்கு அஞ்சுகிறது, எந்த நஞ்சோடு குடித்தனம் நடத்துகிறது என்று நமக்கு அரைகுறையாகத்தான் தெரியும். வேலை தெரியாத ஒவ்வொரு கட்டமைப்பும் அந்த அரைகுறையில் ஒரு பொத்தல்.

2002-இல் கதை வேகம் பிடித்தது. பிரேக்கரின் குழுவும் எவ்ஜெனி நூட்லரின் குழுவும் ரைபோஸ்விட்சுகளை நிறுவிய ஆண்டு. மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் செய்தி ஆர்.என்.ஏ.வின் தலைப்பகுதி சில சமயம் ஒரு குறிப்பிட்ட சிறு மூலக்கூறைத் தானே நேரடியாகப் பற்றிக்கொள்ளும். பற்றியதும் மடிப்பு மாறும். பின்னால் வரும் மரபணு இயங்கும் அல்லது நிற்கும். இடையில் புரதத் தரகர் யாரும் இல்லை. முதலில் தெரியவந்தவை வைட்டமின் சார்ந்தவை: பி12, தயமின், ரைபோஃபிளேவின் வழிவந்த எஃப்.எம்.என். இவற்றின் பின்னால் இருந்த மரபணுக்களே அந்த வைட்டமின்களைத் தயாரிப்பவை அல்லது உள்ளே இழுப்பவை என்பதால் விடையை ஊகிப்பது கடினமாக இல்லை. இன்று உறுதிசெய்யப்பட்ட ரைபோஸ்விட்ச் வகைகள் 55-ஐத் தாண்டிவிட்டன.

பின்னால் இருக்கும் மரபணுவின் வேலையே தெரியாதபோதுதான் சிக்கல். எதைப் பற்றுகிறது என்று தெரியாத இவற்றை ‘அநாதை ரைபோஸ்விட்ச்’ என்கிறார்கள். அவற்றுக்கு உரிய மூலக்கூறைத் தேடும் முறை பொறுமையைச் சோதிப்பது. ஆர்.என்.ஏ.வின் ஒரு நுனியில் கதிரியக்கப் பாஸ்பரஸை ஒட்டுவார்கள். மெக்னீசியம் கலந்த, சற்றே காரத்தன்மையுள்ள கரைசலில் அறை வெப்பத்தில் சுமார் 40 மணி நேரம் சும்மா விட்டுவிடுவார்கள். ஆர்.என்.ஏ. இயல்பிலேயே நொறுங்கக்கூடியது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரேபோல நொறுங்காது. மடிப்பில் இறுகிய பகுதிகள் தாங்கும். தொளதொளவென்று ஆடும் பகுதிகள் உடையும். உடைந்த துண்டுகளைக் கூழ்மத் தகட்டில் ஓடவிட்டால் ஏணிப்படிபோலக் கறுப்புப் பட்டைகள் விழும். சரியான மூலக்கூறு கரைசலில் இருந்தால், அதைச் சுற்றி ஆர்.என்.ஏ. இறுகி, சில பட்டைகள் மங்கிப்போகும். அந்த மங்கலுக்காகத்தான் மூலக்கூறு மூலக்கூறாகச் சோதித்துக்கொண்டே போவார்கள். பெரும்பாலான நாட்களில் எதுவும் மங்காது.

‘சி.ஆர்.சி.பி.’ என்ற மரபணுவின் முன்னால் இருந்த ஆர்.என்.ஏ. இப்படித்தான் வெகுநாள் பிடிகொடுக்கவில்லை. அந்த மரபணுவின் பெயர், அது கற்பூரத்தைத் தாங்கும் திறனோடு தொடர்புடையது என்று முன்பு கருதப்பட்டதால் வந்தது. ஆகவே பெயரைப் பின்பற்றிப் போனவர்களுக்கு வழி தவறியது. கடைசியில் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தபோது பட்டைகள் மங்கின. மகிழ்ச்சி சற்று நேரம்தான். மங்கச் செய்தது அந்தப் பொருள் அல்ல. அதில் கலப்படமாக ஒட்டியிருந்த ஃபுளூரைடு.

உயிர்வேதியியல் தெரிந்தவர்கள் இதைக் கேட்டதும் புருவம் உயர்த்தியிருப்பார்கள். ஆர்.என்.ஏ.வின் முதுகெலும்பு முழுவதும் பாஸ்பேட், நெடுக எதிர்மின்னூட்டம். ஃபுளூரைடும் எதிர்மின் அயனி. ஒன்றையொன்று தள்ள வேண்டியவை எப்படி ஒட்டும்? 2012-இல் ஐமிங் ரென், தின்ஷா படேல் ஆகியோரின் குழு வெளியிட்ட படிகக் கட்டமைப்பு விடை சொன்னது. ஆர்.என்.ஏ. தன் பாஸ்பேட்டுகளால் மூன்று மெக்னீசியம் அயனிகளைப் பிடித்துவைக்கிறது. அம்மூன்றின் நடுவில் ஃபுளூரைடு உட்கார்கிறது. குளோரைடு உருவில் பெரியது. அங்கே நுழைய முடியாது. அதே ஆண்டு பிரேக்கர் குழு ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை இன்னொன்றையும் நிறுவியது. இந்த ஆர்.என்.ஏ. கட்டுப்படுத்தும் சி.ஆர்.சி.பி. மரபணு, ஃபுளூரைடை உயிரணுவிலிருந்து வெளியேற்ற உதவுகிறது. அந்தப் புரதம் ஃபுளூரைடுக்கென்றே அமைந்த வாய்க்கால் என்பது பின்னர் கிறிஸ்டோபர் மில்லரின் ஆய்வகத்தில் தெளிவாயிற்று. கற்பூரத்துக்கும் இதற்கும் இருந்த உறவு பெயரோடு நின்றுபோனது.

பாறைகளிலிருந்து கரைந்துவரும் ஃபுளூரைடு, பாக்டீரியாக்களும் ஆர்க்கியாக்களும் காலங்காலமாகச் சமாளித்துவரும் தொல்லை. மனிதருக்கும் அது தொல்லைதான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் ஃபுளூரைடால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டவர்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. நீரில் ஃபுளூரைடு அளவு மிகுந்திருக்கிறதா என்று இடத்திலேயே சோதிக்க, இந்த ரைபோஸ்விட்சையே கருவியாக்கியது அமெரிக்காவில் ஜூலியஸ் லக்ஸின் குழு. உயிரணு இல்லாத, உலர்த்திய கலவையில் ஒரு சொட்டு நீர். அளவு கூடியிருந்தால் நிறம் மாறும். 2020-இல் வெளியான அந்த ஆய்வில் கோஸ்டா ரிகாவின் நீர்நிலைகளில் சோதித்துக் காட்டினார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை ‘வேலை தெரியாதது’ என்று எழுதப்பட்டிருந்த ஆர்.என்.ஏ. அது.

குவானிடினின் கதை இதைவிட வியப்பானது. பாசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவின் ‘ஒய்.கே.கே.சி.’ மரபணுவின் முன்னால் 2004-இல் ஒரு கட்டமைப்பைக் கண்டார்கள். பல இனங்களில் பரவிக் கிடந்தது; பின்னால் வரும் மரபணுக்களோ ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. ஒன்று நஞ்சை வெளியேற்றும் பம்பு என்றது பதிவேடு. இன்னொன்று யூரியாவைக் கையாளும் நொதி என்றது. பதின்மூன்று ஆண்டுகள் இந்தப் பொருத்தமின்மை எல்லோரையும் அலைக்கழித்தது. 2017-இல் ஜேம்ஸ் நெல்சனும் பிரேக்கர் குழுவினரும் சொன்ன விடை: தனித்த குவானிடின்.

ஆய்வகங்களில் குவானிடின் அறிமுகமான பொருள்தான், வேறு காரணத்துக்காக. செறிந்த குவானிடின் ஹைட்ரோகுளோரைடு புரதங்களின் மடிப்பை அவிழ்த்துவிடும். புரதத்தைக் குலைக்க வேண்டுமா, குவானிடின் ஊற்று என்பது ஆய்வக மாணவர்களின் பாலபாடம். 1861-இல் அடோல்ஃப் ஸ்ட்ரெக்கர் தயாரித்த அந்த மூலக்கூறு உயிரணுவுக்குள் தன்னிச்சையாக நடமாடும், அதைக் கண்டு பாக்டீரியாக்கள் எச்சரிக்கையாகும் என்பதை எந்தப் பாடநூலும் சொன்னதில்லை. விடை கிடைத்ததும் பதிவேட்டில் இருந்த பிழைகள் ஒவ்வொன்றாக அம்பலமாயின. யூரியாவின் நொதி என்று எழுதியிருந்த சில நொதிகளுக்கு உண்மையில் பிடித்தது குவானிடின். பல மருந்துகளை வெளியேற்றும் என்று கருதப்பட்ட சிறு பம்புகளுள் ஒரு கிளை, குவானிடினை வெளியேற்றுவதற்கென்றே அமைந்தது என்று ராண்டி ஸ்டாக்பிரிட்ஜின் குழு 2018-இல் காட்டியது. 2022-இல் ‘நேச்சர்’ இதழில் சயனோபாக்டீரியாவில் நிக்கலைக் கொண்டு குவானிடினை உடைக்கும் நொதி வெளிப்பட்டது. 2024-இல், கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் பங்குள்ள நைட்ரோஸ்பைரா வகைப் பாக்டீரியா குவானிடினை மட்டுமே உண்டு வளர முடியும் என்று தெரிந்தது. சர்க்கரை நோய்க்கு உலகமே விழுங்கும் மெட்ஃபார்மின், உடலில் அதிகம் மாறாமல் வெளியேறிக் கழிவுநீரில் சேர்கிறது. பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும் பாதையிலும் குவானிடின் உண்டாகிறது. நைட்ரஜன் சுழற்சியின் ஒரு கிளையே இத்தனை காலம் கண்ணில் படாமல் ஓடியிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டியது சுமார் நூறு எழுத்து நீளமுள்ள ஒரு மடிப்பு.

அந்த மடிப்புக்கு உள்ளேயும் ஒரு பொறி இருந்தது. ஒய்.கே.கே.சி. குடும்பத்தில் சில உறுப்பினர்கள் குவானிடினைச் சீண்டவே இல்லை. பார்வைக்கு அச்சு அசல் அதே வடிவம். மேடலின் ஷெர்லாக் தொடர்ந்து செய்த ஆய்வுகளில், சில எழுத்து மாற்றங்களால் ஒரு கிளை, பட்டினியின் அபாய அறிவிப்பான பி.பி.ஜி.பி.பி. மூலக்கூறைப் பற்றுவதும், மற்றொன்று பியூரின் தயாரிப்பின் மூலப்பொருளான பி.ஆர்.பி.பி.யைப் பற்றுவதும், இன்னொன்று ஏ.டி.பி. (ADP) போன்ற நியூக்ளியோசைடு டைபாஸ்பேட்டுகளைப் பற்றுவதும் தெரியவந்தன. வடிவத்தைப் பார்த்து வேலையைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை, செயற்கை அறிவுக் கருவிகள் புரதங்களின் வடிவத்தை நிமிடங்களில் கணித்துத் தரும் இந்தக் காலத்தில் சற்று அதிகமாகவே பரவியிருக்கிறது. அந்த நம்பிக்கை உள்ளவர்கள் இந்த ஒரு குடும்பத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சில புதிர்களுக்கு, கேட்ட நாளில் விடையே உலகில் இல்லை. ஒய்.கே.கே.சி. இடம்பெற்ற அதே 2004-ஆம் ஆண்டுப் பட்டியலில் ‘ஒய்.டி.ஏ.ஓ.’ என்றொரு கட்டமைப்பும் இருந்தது. 2012-இல் அது ஏ.டி.பி.யை (ATP) உணர்கிறது என்று ஒரு கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டே வேறு விடை வந்தது: சைக்ளிக் டை-ஏ.எம்.பி. செறிவு எத்தனையோ மடங்கு குறைவாக இருந்தாலும் ஆர்.என்.ஏ. இதை இறுகப் பற்றியது. இந்த மூலக்கூறு பாக்டீரியாவில் இருப்பதே 2008-இல்தான், ஒரு புரதத்தின் படிகத்துக்குள் எதிர்பாராமல் தென்பட்டுத் தெரியவந்தது. அதாவது 2004-இல் உலகின் எல்லா மூலக்கூறு அலமாரிகளையும் காலிசெய்து சோதித்திருந்தாலும் விடை கிடைத்திருக்காது. அலமாரியில் அந்தப் புட்டியே இல்லை.

ரைபோஸ்விட்ச் என்றால் பாதி வழி தெரிந்த மாதிரி. எதையோ பற்றுகிறது என்பதாவது நிச்சயம். கோல்ட் போன்ற பேருரு ஆர்.என்.ஏ.க்களிடம் அந்த வசதியும் இல்லை. கோல்டை வெளியிட்ட அதே 2009 கட்டுரையில் ‘ஹீரோ’ என்று உச்சரிக்கத்தக்க பெயரோடு இன்னொரு ஆர்.என்.ஏ. இருந்தது. டி.என்.ஏ.வை வெட்டும் புரதம் ஒன்றின் மரபணு பக்கத்திலேயே இருப்பதை வைத்துக் கட்டிய பெயர். பன்னிரண்டு ஆண்டுகள் அதை யாரும் அதிகம் கண்டுகொள்ளவில்லை. இடையில் மரபணு வெட்டும் கருவியான கிரிஸ்பர்–காஸ்9 உலகைக் கலக்கி, 2020-இல் நோபல் பரிசும் பெற்றுவிட்டது. காஸ்9-இன் பரிணாம மூதாதையைத் தேடிப்போன ஃபெங் ஜாங்கின் குழு 2021-இல் ‘இஸ்க்-பி’ என்ற சிறு புரதத்தை அடைந்தது. தாவும் மரபணுத் துண்டுகளில் குடியிருக்கும் அந்தப் புரதம் தானாக எங்கே வெட்டுவது என்று அறியாது, ஓர் ஆர்.என்.ஏ. வழிகாட்ட வேண்டும். அந்த வழிகாட்டிக்கு ‘ஒமேகா ஆர்.என்.ஏ.’ என்று பெயரிட்டார்கள். அதுதான் பழைய ஹீரோ.

அடுத்த ஆண்டு வெளியான கட்டமைப்பு ஆய்வு இதற்கு அழகான ஒரு பின்குறிப்பைச் சேர்த்தது. காஸ்9-இல் பெரிதாக இருக்கும் புரதப் பகுதி ஒன்று, இலக்கை அடையாளம் காண உதவுவது. இஸ்க்-பியில் அந்தப் பகுதி கிடையாது. அந்த வேலையை மடிந்த ஆர்.என்.ஏ.வே செய்துவிடுகிறது. காலப்போக்கில் ஆர்.என்.ஏ. சுருங்கிப் புரதம் பெருத்திருக்கிறது. காஸ்9-இல் மூன்றில் ஒரு பங்கு அளவே உள்ள இஸ்க்-பி, மருத்துவக் கருவியாக உயிரணுவுக்குள் எடுத்துச்செல்ல வசதியானது என்பதால் இப்போது அதைப் பட்டை தீட்டும் முயற்சிகள் நடக்கின்றன.

ஹீரோவுக்குக் கிடைத்த வாய்ப்பு ‘ஓலே’வுக்குக் கிடைக்கவில்லை. 2006-இல் கண்டறியப்பட்ட இது சுமார் 600 எழுத்து நீளம். காரச் சூழலிலும் காற்றில்லாத இடங்களிலும் வாழும் பாக்டீரியாக்களில் காணப்படுகிறது. பாசில்லஸ் ஹாலோடியூரன்ஸ் என்ற காரவிரும்பியை வைத்து யேல் குழு ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக இதைத் துருவிக்கொண்டிருக்கிறது. உயிரணுவின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம் ஓலேவைப் பிடித்துச் சவ்வருகே கட்டிவைக்கிறது. பின்னர் அதோடு சேரும் இன்னும் இரண்டு புரதங்கள் கிடைத்தன. ஓலேவை நீக்கினால் பாக்டீரியா சாதாரணச் சூழலில் நன்றாகவே வளர்கிறது. எத்தனால் 5 விழுக்காடு கலந்தால் தடுமாறுகிறது. 20 பாகைக் குளிரில் தடுமாறுகிறது. மெக்னீசியம் சற்றுக் கூடினாலும் தடுமாறுகிறது. சாராயத்துக்கும் குளிருக்கும் மெக்னீசியத்துக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? மனித உயிரணு உள்ளிட்டவற்றில் பலவகை நெருக்கடிச் செய்திகளை ஒன்றுசேர்த்து வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ‘டார்’ புரதக் கூட்டமைப்பைப் போல ஓலேயும் செயல்படலாம் என்று 2023-இல் பிரேக்கர் முன்வைத்தார். கவர்ச்சியான கருத்துதான். ஆனால் அறிகுறிகள் இத்தனை பரந்து கிடக்கும்போது எந்தக் கருத்தும் கொஞ்சம் பொருந்தத்தான் செய்யும்; ஓலே எந்தச் செய்தியை வாங்கி எதனிடம் கொடுக்கிறது என்று ஒரு படியாவது காட்டப்படும்வரை இதைக் கருதுகோளாகவே வைத்திருக்க வேண்டும்.

2025-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ரேச்சல் கிரெட்ச், வா சியூ, ரிஜு தாஸ் ஆகியோர் உறைகுளிர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் உதவியோடு மூன்று பேருரு ஆர்.என்.ஏ.க்களை ஒரே கட்டுரையில் படம்பிடித்துக் காட்டினார்கள். ஓலே இருவராக ஜோடி சேர்கிறது. பசுவின் இரைப்பை நுண்ணுயிர்களின் வரிசைகளில் முதலில் கிடைத்ததால் அதற்கேற்பப் பெயர்பெற்ற ‘ரூல்’, எட்டுப் பிரதிகளாகக் கூடுகிறது. கோல்ட் பதினான்கு பிரதிகளாகக் கூடுகிறது. ரூலும் கோல்டும் கூடி அமைப்பவை உள்ளே வெற்றிடமுள்ள கூண்டுகள். புரதம் ஒன்றுகூடச் சேராமல், முழுக்க ஆர்.என்.ஏ.வாலேயே ஆன கூண்டுகள். வைரசுகள் புரதத்தால் கூடு கட்டுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய அதிர்ச்சி. கூண்டென்றால் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும் என்றுதான் மனம் நினைக்கும். எதையோ பொதிந்து வைக்கவா, எதையோ விலக்கி வைக்கவா, அல்லது கூண்டு வடிவமே தற்செயலான பக்கவிளைவா என்பதைப் படம் தீர்க்கவில்லை. வைரஸ் விழித்தெழும்போது கோல்ட் பெருகுகிறது என்ற 2009-இன் துப்புதான் இன்னும் கையிலிருக்கும் வலுவான தடயம்.

இவற்றோடு ஒப்பிட்டால் ‘ரையா’ ஆர்.என்.ஏ. உருவில் சிறியது, பரவலில் பெரியது. வேலை தெரியாதவற்றுள் மிக அதிகமான பாக்டீரியாக்களில் காணப்படுபவற்றுள் ஒன்று. பிரேக்கர் குழு 2024-இல் அதைக் குளோஸ்ட்ரிடியம் அசிட்டோபியூட்டிலிக்கம் என்ற பாக்டீரியாவில் நீக்கிப் பார்த்தது. இந்தப் பாக்டீரியா வரலாற்றுப் புகழ் உடையது. முதல் உலகப் போரில் வெடிமருந்துக்கு வேண்டிய அசிட்டோனை மாவுச்சத்திலிருந்து காய்ச்சியெடுக்க ஹைம் வைஸ்மன் பயன்படுத்தியது இதைத்தான். பின்னாளில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரானவர் அவர். நூறாண்டுக்கு மேலாகத் தொழிற்சாலைத் தொட்டிகளிலும் ஆய்வகக் குடுவைகளிலும் வளர்க்கப்பட்டும், அதற்குள் இப்படியோர் ஆர்.என்.ஏ. தாராளமாக உற்பத்தியாகிறது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

ரையா நீக்கப்பட்டதும் இரண்டு குறைகள் தெரிந்தன. கெட்ட காலத்தைக் கடக்க இந்தப் பாக்டீரியா எடுக்கும் அகவித்து என்ற உறங்குநிலை வடிவம் ஒழுங்காக உருவாகவில்லை. உயிரணுக்கள் ஒன்றோடொன்று திரளும் விதமும் கெட்டது. அதே ஆண்டு வார்சாவில் யானுஷ் புயினிட்ஸ்கியின் குழு ரையாவின் முப்பரிமாண வடிவத்தைத் தனியாக வெளியிட்டது. முன்பு வேறெங்கும் காணாத மடிப்பு. உருவமும் கையில் இருக்கிறது, நீக்கினால் என்ன நேர்கிறது என்பதும் கையில் இருக்கிறது. அகவித்து உருவாகும் பல மணி நேரச் சங்கிலியில் எந்தக் கண்ணியில் ரையா நுழைகிறது என்பதுதான் அடுத்த வேலை. 6எஸ்ஸுக்குச் செய்ததுபோல, அது எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்று பார்ப்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.